கலவை அறையில் இருமல்

ஃபார்முலா மேடத்தை, வேலைக்குச் சேர்ந்த அன்றே தொழிலாளர்கள் எச்சரித்துவிட்டார்கள்.

"மத்தியானம் மிஷினை நிறுத்தினதும் கலவை ரூம்ல நிக்காதீங்க மேடம். இருமுவார்."

"யாரு?"

"மிக்ஸர் அண்ணன்தான். செத்தும் டியூட்டி பாக்கறாரு."

சொன்னவன் சிரித்தான். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் ப்ரோமலைன் என்ற என்சைமைப் பொடியாக வாங்கி, கேப்ஸ்யூலில் அடைத்து விற்கும் தொழிற்சாலை அது. அடிபட்ட வீக்கத்துக்கும் மூக்கடைப்புக்கும் நல்லது என்று ஜனங்கள் வாங்கினார்கள். வயிற்று அமிலம் என்சைமைக் கெடுத்துவிடும். அதனால் வயிற்றைத் தாண்டிக் குடலில் கரையும் உறையோடு புதுக் கேப்ஸ்யூல் உருவாக்கத்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள்; 'ஃபார்முலா மேடம்' என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

மிக்ஸர் அண்ணன் பல வருடம் அந்த அறையில் பொடியைக் கொட்டிக் கலக்கியவர். போன மழைக்காலத்தில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். ஆஸ்துமா என்று சொல்லி விஷயத்தை முடித்துவிட்டார்கள். அவர் மனைவி பேக்கிங் பிரிவில் இருந்தாள். எல்லோருக்கும் அவள் 'அண்ணி'. சாப்பாட்டு வேளையில் டிபன் டப்பாவோடு கலவை அறைக் கதவருகே தனியாக உட்கார்ந்துகொள்வாள்.

மேடத்துக்குப் பேய், பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஒரு மத்தியானம் மிஷின் ஓய்ந்த பிறகு வேண்டுமென்றே உள்ளே நின்றாள். பொடி வெளிச்சத்தில் புகைபோல மிதந்தது. புளிப்பும் இனிப்புமாக அன்னாசி வாசனை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி வாயை மூடி மென்றுகொண்டிருந்தாள்.

அப்போது இருமல் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து, வெளியே வராத எதையோ பிடித்து இழுப்பது போன்ற ஆண் குரல். அவள் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில். திரும்பினாள். மிக்ஸர் மிஷினின் எஃகு வயிறு மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது.

அவசரமாக வெளியே வந்தவளை அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

மேடம் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா இருமறாரு" என்றாள் அண்ணி, பக்கத்து அறையில் கணவன் படுத்திருப்பதுபோல.

சில வாரங்களில் மேடத்துக்கும் மூக்கு அரித்தது, கண்ணில் நீர் கோத்தது. வேலை நாட்களில் சாயங்காலமானால் நெஞ்சு இறுகியது, விடுமுறையில் சரியாகிவிடும். பயந்துபோய் நுரையீரல் டாக்டரிடம் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வியே வேலையைப் பற்றித்தான்.

"முழுங்கறது வேற, மூச்சுல இழுக்கறது வேற. இந்த என்சைம் தூசியைத் தினமும் சுவாசிச்சா சிலருக்கு அலர்ஜி வந்து ஆஸ்துமாவாவே ஆயிடும். இனிமே அந்த ரூமுக்குள்ள போகாதீங்க."

மறுநாள் காலை அவள் நேராக மேனேஜர் முன் போய் நின்று பட்டியல் போட்டாள். பொடியை மிக்ஸரின் திறந்த வாயில் கொட்டக் கூடாது. மூடிய குழாய் வழியாகத்தான் மிக்ஸருக்குள் போக வேண்டும். தூசியை உறிஞ்சும் காற்றுக்குழாய் வேண்டும். தூள் பறக்காதபடி குருணையாக்கிய சரக்கையே இனி வாங்க வேண்டும். அதோடு டப்பாமேல், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள், அன்னாசி ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று அச்சடிக்க வேண்டும்.

"இவ்வளவு பயமுறுத்தினா யாரும்மா வாங்குவா?"

"சார், உள்ளே இருமறது யாருன்னு உங்களுக்கும் தெரியும்."

மேனேஜரின் முகம் வெளிறியது. அவரும் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதற்குமேல் அவர் வாதாடவில்லை.

அவள் கேட்ட மாற்றங்களெல்லாம் செய்து முடிந்து, கலவை அறை மறுபடி ஓடத் தொடங்கியது. காற்றில் ஒரு துகள்கூட இல்லை. மத்தியானம் மிஷின் நின்றதும் எல்லோரும் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டார்கள்.

அண்ணி மட்டும் மேடத்தின் அறைக்கு வந்து கதவைப் படாரென்று சாத்தினாள்.

"அவரை எங்க அனுப்பிட்டீங்க?"

"அண்ணி..."

"வீட்ல அவர் சத்தமே இல்ல மேடம். இங்கதான் இருந்தாரு. அந்த இருமலைக் கேட்டுட்டுத்தான் நான் ஒரு வாய் சோறு தின்னேன். அதையும் கூட்டிப் பெருக்கித் தள்ளிட்டீங்களே!"

மேடம் எழுந்து அவளை அணைத்துக்கொண்டாள். அண்ணி குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த அழுகைக்கு நடுவே, அண்ணியின் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. மேடத்தின் கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"இந்த இழுப்பு எப்பலேர்ந்து?"

"அது கெடக்குது. அவர் சட்டையை உதறித் துவைக்கறப்ப எல்லாம் தும்மல் வரும். அப்புறம் அப்படியே ஒட்டிக்கிச்சு."

மேடம் அவளைப் பேசவே விடாமல் அன்று சாயங்காலமே டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் நுரையீரலைச் சோதிக்கும் ஒரு குழாயை வாயில் கொடுத்து, மூச்சை இழுத்துப் பலமாக ஊதச் சொன்னார். மறுபடி ஊதச் சொன்னார். ஆஸ்துமாதான், நல்லவேளையாக முற்றவில்லை, மருந்திலேயே கட்டுக்குள் வைத்துவிடலாம் என்றார்.

அண்ணி குழாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்வளவுதானா டாக்டர்? ஒரு தடவை ஊதறதா? அவரையும் யாராச்சும் ஊதச் சொல்லியிருக்கலாமே."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு மருந்துச் சீட்டை எழுதினார். வெளியே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.