பெடலின் கிறீச்சொலி

கத்திப் பாடும் மெட்டல்கோர் இசை வாசிக்கும் அந்தக் குழுவின் முதல் ஆல்பம் வெளிவர இரண்டே நாள் இருந்தது. ஒலிப்பதிவு அறையில் நாலாவது பாட்டைக் கேட்ட டிரம்மரின் முகம் கறுத்தது. கிதார் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடம் அது. பெரிய டிரம்மை அடிக்க அவன் காலால் மிதிக்கும், ஏழு வருடமாக மிதிக்கு மிதி கிறீச்சிடும் பெடல் அங்கே சத்தமே போடவில்லை.

"மாப்ள, இது என் கால் இல்ல. கம்ப்யூட்டர வச்சு அடிச்சிட்டீங்க!"

கிதார் வாசிப்பவன் டிரம்மரின் தங்கை கணவன். அவன் ஒலிப்பதிவாளரைப் பார்த்தான். அவர் மேசையைப் பார்த்தார்.

"என்ன, கண்ணாலயே பேசிக்கிறீங்க? முதல் ஆல்பத்துலயே நான் இல்லன்னா ஏழு வருஷம் எதுக்கு மிதிச்சேன்?"

"கத்தாதீங்க மச்சான், அதுக்குத்தான் பாடகர் இருக்காரு. பதிவுக்கு முன்னாடி பெடலுக்கு நான் எண்ணெய் விட்டேன். சொன்னா, கிறீச் சத்தத்தோட ராசியும் போச்சுன்னு குதிப்பீங்க. ஹெட்போன் போட்டிருந்ததால உங்களுக்குத் தெரியல."

"நல்லா கதை விடுறீங்க!"

ஒலிப்பதிவாளர் பாட்டின் கடைசி நொடிகளை ஓடவிட்டார். இரைச்சல் அடங்கியதும் மூச்சிரைக்கும் குரல் ஒன்று, "அப்பாடா, முட்டி போச்சு" என்றது. அது டிரம்மரின் குரல்.

"டிரம்ஸ் மைக்குல விழுந்தது. உங்க அடியை எடுத்துட்டு கம்ப்யூட்டர் அடிய வச்சிருந்தா இதுவும் போயிருக்கும்" என்றார் அவர்.

டிரம்மர் அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டான். பிறகு மாப்பிள்ளையிடம் கை நீட்டினான்.

"இனி எனக்குத் தெரியாம யாரும் எண்ணெய் விடக் கூடாது. அந்த டப்பா என்கிட்டயே இருக்கட்டும்."