அறிவுரைக்கு ஒரு பிடி மொச்சை

1

இந்தக் கதை மொச்சைக்கொட்டையில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கெல்லாம் கதை மழையில் கிடைக்கிறது, ரயில் நிலையத்தில் கிடைக்கிறது. என் ராசி அப்படி.

பெங்களூர் தொம்மலூரில் நோராவின் வீட்டில் சனிக்கிழமை காலை சில பெண்கள் கூடுவோம். எங்களுக்குப் பொதுவாக இருப்பது ஒன்றுதான். எங்கள் கணவர்கள் ஆண்களோடு உறவு வைத்திருப்பவர்கள், அல்லது வைத்திருந்தவர்கள். நானும் அதில் ஒருத்தி. "ஒரு தோழிக்கு நேர்ந்தது இது" என்று ஆரம்பித்திருக்கலாம். இந்த வயதில் எதற்கு அந்தப் பாசாங்கு?

நோரா ஓய்வு பெற்ற நர்ஸ். புதிதாக வருகிறவளிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாயா என்று மட்டும் கேட்பாள். பிறகு அவள் முன்னால் ஒரு தட்டை வைப்பாள். மார்கழி, தை மாதங்களில் அதில் ஊறவைத்த பச்சை மொச்சை இருக்கும். இந்த ஊரில் அவரேக்காய் என்பார்கள். கட்டைவிரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு தட்டில் விழும். சிலசமயம் எதிரே இருப்பவள் மடியில் விழும். கைக்கு வேலை இருந்து கண்ணும் கீழே இருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. மதியம் அந்தப் பருப்பைப் போட்டே உப்புமா.

அங்கே ஒரே ஒரு சட்டம். யாருக்காவது அறிவுரை சொன்னால், சொன்னவள் தட்டில் இன்னொரு பிடி மொச்சை விழும். "தகோ" என்பாள் நோரா. எடுத்துக்கொள் என்பதற்குக் கன்னடம்.

(* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டால் "மொச்சை உரிக்க" என்று சொல்லிவிட்டு வருவோம். விரலில் அந்த வாசனை மாலைவரை இருக்கும். யாரும் சந்தேகப்பட்டதில்லை. பொய்யும் இல்லையே.)

2

வேதநாயகியை எப்படி அறிமுகப்படுத்துவது?

முதல் முயற்சி: "வேதநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, தூரத்து விளக்குகளைப் பார்த்து விம்மி விம்மி—"

இதை அவளிடமே படித்துக் காட்டினேன். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் மாற்றியாயிற்று.)

"எங்கூட்டு ஜன்னலத் தொறந்தா பக்கத்து அபார்ட்மென்ட் செவுருங்கக்கா," என்றாள். "அதைப் பாத்து என்னத்த அழுகறது?"

இரண்டாம் முயற்சி: "வேதநாயகி கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவள். கணவன் சஞ்சய் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தன்னைப் பற்றி அவனே சொல்லிவிட்டான்."

"இது சரிங்கக்கா. ஆனா தோசை இல்லீங்க, அன்னிக்குப் பழைய சோறு."

மாற்றிவிட்டேன். [இல்லை, மாற்றவில்லை. மேலே தோசை அப்படியே இருக்கிறது. எனக்குத் தோசை பிடிக்கும்.]

3

சஞ்சயை வில்லனாக்கப் பார்த்தேன். கதைக்கு வசதி. "அவன் கண்களில் ஈரமே—" ஊஹூம், முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அவளோடு போனவன், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் நோய் எதுவும் இல்லை என்றார்கள். மயங்கி விழுகிற வில்லனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அதற்காக அவனை நல்லவன் பட்டியலில் சேர்த்துவிடவும் மாட்டேன். தெரிந்தே தாலி கட்டினான். எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அந்த வரி இருக்கும்.

கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. குறை வேதநாயகியிடம்தான் என்று கோபியில் எல்லாரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை ஆரம்பிக்க மாமியார் நாள் குறித்துவிட்டார். வேதநாயகி வாயைத் திறந்தால் சஞ்சய் ஊரில் தலைகாட்ட முடியாது. மூடிக்கொண்டால், கோளாறே இல்லாத உடம்பு ஊசி மேல் ஊசியாக வாங்கிக்கொள்ளும்.

"அவரை மாட்டி வுடவும் மனசில்லீங்க. மலடின்னு பேர் வாங்கிட்டுத் திரியவும் மனசில்லீங்க," என்றாள் வேதநாயகி.

அன்று நான் பிதுக்கிய பருப்பில் பாதி நசுங்கிப்போயிற்று.

4

முடிவு அ: பொங்கப்பானை பொங்குகிற நேரம், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலையில், வேதநாயகி உண்மையைப் போட்டு உடைக்கிறாள். (எழுதும்போது சுகமாக இருந்தது. படித்தால் நாடகக் கம்பெனி.)

முடிவு ஆ: மனமொத்த விவாகரத்து. கொஞ்ச காலத்தில் கசப்பு தீர்ந்து நண்பர்களாகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்து ஒழுகும் குழாயைச் சரிசெய்கிறான். அவனுடைய துணைவர் தேங்காய் பர்பி கொண்டுவருகிறார்.

இது எனக்குப் பிடித்த முடிவு. சனிக்கிழமை எல்லார் முன்னாலும் படித்தேன். வேதநாயகி கையிலிருந்த மொச்சையைப் பிதுக்கிவிட்டுச் சொன்னாள்.

"நல்லாருக்குதுங்கக்கா. ஆனா அது உங்கூட்டுக் குழாயாச்சுங்களே."

உண்மைதான். குழாயைச் சரிசெய்ய வருகிறவர் என் முன்னாள் கணவர் சீனிவாசராகவன். பர்பி, மல்லேஸ்வரத்தில் அவரோடு இருப்பவரின் கைவண்ணம். நான் இப்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், அதை மறைப்பானேன்? ஆனால் அந்தச் சந்தோஷத்தை அப்படியே வேதநாயகி தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

நோரா மொச்சைப் பாத்திரத்துக்குள் கையை விட்டாள்.

"நான் எங்கே அட்வைஸ் சொன்னேன்? கதைதானே படிச்சேன்?" என்றேன்.

"கதையா சொல்லிட்டா அட்வைஸ் இல்லேன்னு ஆயிடுமா? தகோ."

இரண்டு பிடி போட்டாள்.

5

பொங்கலுக்குப் புறப்படும் முன் வேதநாயகி எங்களிடம் என்ன செய்யட்டும் என்று கேட்கவில்லை. எந்நேரம் கூப்பிட்டாலும் யாராவது போனை எடுப்பீர்களா என்றுதான் கேட்டாள். எடுப்போம் என்றோம். பிறகு நோராவிடம் உரிக்காத மொச்சை ஒரு பை கேட்டாள்.

"ஏன், கோபியில கிடைக்காதா?"

"கிடைக்குதுங்க. ஆனா அந்தக் காய நான் ஒருத்தியேதான் உரிக்கோணும். பெங்களூர்க் காயின்னா எங்கத்தையும் பாக்கலாம்னு வந்து உக்காருவாங்க. அவரையும் புடிச்சு உக்கார வெச்சிருவேன்."

மாட்டுப் பொங்கலன்று போன் வந்தது. அவள் சொன்னதில் எழுத அனுமதி கிடைத்தது இவ்வளவுதான்.

மூன்று பேரும் ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்து பிதுக்கியிருக்கிறார்கள். மாமியார் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்திருக்கிறார். வேதநாயகி நிமிரவில்லை. தட்டைப் பார்த்தபடியே சஞ்சய்தான் பேசினான்.

"அவளுக்கொரு கொறையும் இல்லீங்மா. ஊசியெல்லாம் வேண்டாம். காரணம் நாந்தான். நான் வந்து—"

[அவன் எவ்வளவு தூரம் சொன்னான் என்பதற்கு அனுமதி இல்லை.]

மாமியார் வேதநாயகியின் தட்டிலிருந்து ஒரு பிடி மொச்சையை அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டார். எங்கள் சட்டம் அவருக்குத் தெரிய நியாயமே இல்லை.

நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முதல் வரைவில் ஜன்னலருகே நின்று அழுதது யார் என்று அப்போதுதான் புரிந்தது.

6

கோயம்புத்தூர்ப் பயணம் ரத்தாகிவிட்டது. இனி அவர்கள் சேர்ந்திருப்பார்களா, பிரிவார்களா என்பது வேதநாயகிக்கே இன்னும் தெரியாது. தெரியாமலே நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். போன சனிக்கிழமை எங்கள் எல்லாரையும்விட வேகமாகப் பிதுக்கினாள்.

இந்நேரம் உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும் முன் ஒரு தட்டை மட்டும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.