வெண்பூச்சு

தோர்வால்ட் இயக்கிய படங்கள் அனைத்திலும் மனிதர்கள் பிணம்போல் வெளுத்திருப்பார்கள். காமிரா நின்ற இடத்தை விட்டு நகராது. ஒரே காட்சிக்காகப் பலகையும் அட்டையும் கொண்டு ஒரு தெருவையே கட்டுவோம். நடிப்பவர்களும் நடிகர்கள் அல்லர். வழியில் கண்டு அவர் அழைத்துவந்தவர்கள். அவர்கள் முகங்களுக்கு வெண்பூச்சுப் பூசுவது என் வேலை.

அந்த நவம்பரில், கோத்தன்பர்க் நகரின் படப்பிடிப்பு அரங்கில், மருத்துவரின் காத்திருப்புக் கூடம் ஒன்றைக் கட்டியிருந்தோம். வரிசைச் சீட்டுடன் பன்னிருவர் அமர்ந்திருப்பர். எவர் எண்ணும் அழைக்கப்படமாட்டாது. அவ்வளவே காட்சி. கடைசி நாற்காலியில் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் அல்கொட்.

பூசும்போதே அவர் நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது.

"உடம்புக்கு என்ன, அல்கொட்?"

"டாக்டரப் பாக்கத்தானே போறேன், குன்வோர். அவரு கூப்பிட்டா சொல்லிக்கிறேன்."

இருவரும் சிரித்தோம்.

"யாரும் யாரையும் பாக்காதீங்க. பஸ்ல உக்காந்திருக்கிற மாதிரி இருங்க," என்றார் தோர்வால்ட். காமிரா ஓடத் தொடங்கியது.

சிறிது நேரத்தில் அல்கொட்டின் தலை சாய்ந்தது. சுவரோரம் நின்ற எனக்கு, காமிராவுக்குத் தெரியாத அவர் காதுமடல் தெரிந்தது. பூச்சுப் படாத அவ்விடம் நீலம் பாரித்திருந்தது.

"நிறுத்துங்க தோர்வால்ட், அவருக்கு முடியல."

"சும்மா இரு குன்வோர். இப்பதான் மனுஷன் சரியா உக்காந்திருக்காரு."

நான் காட்சிக்குள் நடந்தேன். தோர்வால்டின் அரங்கில் அதுவரை எவரும் அவ்வாறு செய்ததில்லை. அல்கொட்டைத் தரையில் கிடத்தி, "யாராவது ஆம்புலன்சக் கூப்பிடுங்க," என்றேன். மற்றவர்கள் சுவரையே பார்த்திருந்தார்கள்.

"காமிரா ஓடுது," என்று உதடசையாமல் முணுமுணுத்தாள் பக்கத்து நாற்காலிப் பெண்.

நானே அழைத்தேன். வந்த ஊழியர் இருவரும் வாயிலிலேயே திகைத்து நின்றனர். எங்கு நோக்கினும் உயிரற்ற முகங்கள். தரையில் கிடந்த அல்கொட்டை நாற்காலிகள் மறைத்தன.

"இதுல யாருக்குங்க முடியல?"

அந்தக் கேள்விக்கும் எவரும் திரும்பவில்லை. கூடத்தின் மறுகோடியிலிருந்து நான்தான் கையுயர்த்தினேன். அவர்கள் அல்கொட்டைத் தூக்கிச் சென்று மறையும்வரை காமிரா ஓடியது.

காப்பி வேளையில் செய்தி வந்தது: அல்கொட் வழியிலேயே இறந்துவிட்டார்.

"அந்த நாற்காலிய எடுத்துடவா?" என்று தச்சர் கேட்டார்.

தோர்வால்ட் காமிரா வழியே பார்த்தார். "வேணாம். காலியாவே இருக்கட்டும். எல்லாரும் பழையபடி உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

நான் ஈரத்துணியுடன் போய், முதல் நாற்காலியிலிருந்து ஒவ்வொருவர் முகமாகத் துடைக்கலானேன். பூச்சுக்கு அடியில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தோர்வால்ட் தடுக்கவுமில்லை, காமிராவை ஓட்டச் சொல்லவுமில்லை.