துணி இறங்காது

ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தின் அடியில் வேன் நின்றால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் எழுந்து, சோற்றுத் தூக்குப்போசிகளைச் சீட்டிலேயே வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்கிவிடுவார்கள். பாரம் குறைந்ததும் ராபின் முதல் கியரைப் போட்டு, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு மேலே ஏறுவான். பைக்குகளும் பனியன் மூட்டை ஏற்றிய ஆட்டோக்களும் உரசிக்கொண்டு போக, பெண்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடந்து ஏறுவார்கள். உச்சியில் வேன் நிற்கும். மறுபடி ஏறிக்கொள்வார்கள்.

இறங்காமல் உட்கார்ந்தே போவது துணி மட்டும்தான்.

பொங்கலூர்த் தோட்டத்தில், மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில், முதலாளி மகுடேஸ்வரன் நிட்டிங் மெஷின்கள் போட்டிருந்தார். அங்கே ஓடிய துணியில் பாதி மாதவனின் வாடகை டெம்போவில் போகும். மீதிப் பாதி ரோல் ரோலாக வேனின் கேரியரிலும் பின் சீட்டுகளிலும் ஏறும். மிச்சமிருக்கும் இடத்தில், தோட்டத்தை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருக்கும் பெண்கள் ஏறுவார்கள். எல்லாம் டவுனுக்குள் ராயபுரத்தில் இருக்கும் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் பாலம் வரும்போது இரண்டில் ஒன்று இறங்கியாக வேண்டும். துணிக்குக் கால் இல்லை.

சாயங்காலம் திரும்பும்போது இந்தத் தொல்லை கிடையாது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வேன் பாட்டுக்குப் பாலம் ஏறிவிடும். அந்தப் பக்கத்து ஏற்றம் சாய்வு குறைவு என்று ராபின் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். அவனும் அதை நம்பினான்.

ஆடி மாதத்துக் காற்றில் ஒருநாள், செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒச்சம்மாளை ஒரு பைக் இடித்துத் தள்ளியது. உச்சியில் நின்றிருந்த ராபின் அதைக் கண்ணாடியில் பார்த்தான். கண்ணாடிக்குள் ஒரு சேலை பறந்து விழுந்தது. ஓடிப் போய்த் தூக்கியபோது அவள் கால், கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு மகுடேஸ்வரன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலின் பக்கத்தில் நின்று, யாரிடமும் குரல் உயர்த்தாத தன் வழக்கப்படி சொன்னார்.

"சித்தெ ஓரமாப் பாத்து நடந்திருக்கலாமுங்."

ராபினுக்கு அந்த ஆப்பிள் பையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது. திட்டுகிற முதலாளி என்றால் பதிலுக்குத் திட்டலாம். 'ங்க' போட்டுப் பேசுகிறவனை என்ன செய்வது? சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாளிலிருந்து இந்த மரியாதையைக் கேட்டுக் கேட்டு அவனுக்குப் பல் கூசியது. அன்றைக்கு அவன் ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்தான். அடுத்து வாங்குகிற வண்டி, அந்தப் பாலத்தில் ஒருத்தியையும் இறங்கவிடக் கூடாது.

பழைய வேனுக்கு இனி ஓடத் தகுதிச் சான்று, எப்.சி., கிடைக்காது என்று ஆனதும் புது வண்டிப் பேச்சு வந்தது. ஷோரூமுக்கு மகுடேஸ்வரன் தன் மகள் மோனிஷாவை அழைத்துக்கொண்டு போனார். கோயம்புத்தூரில் படித்துவிட்டுக் கம்பெனி ஆபீசைப் பார்த்துக்கொள்கிறவள். ஓட்டப் போகிறவன் என்பதால் ராபினையும் வரச் சொன்னார்கள்.

விற்பனையாள் வேல்குமார் வண்டியின் முகத்தைத் தூக்கிக் காட்டினான். "பாடி ஒண்ணுதானுங்க சார். இன்ஜின் ரெண்டு மாடல் வருதுங்க. சாதா இன்ஜின் டீசல் கம்மியாக் குடிக்கும். இது பவர் இன்ஜின். மேட்டுல ஏறுறதே தெரியாதுங்க. வெல கொஞ்சம் சேத்தி."

"டீசலத் தண்ணியாட்டக் குடிக்குமாட்ட இருக்குதுங்களே?" என்றார் மகுடேஸ்வரன்.

"யானைக்குத் தீனி போட்டுத்தானுங்க ஆகோணும்," என்று சிரித்தான் வேல்குமார்.

மோனிஷா இரண்டு விவரத் தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்பா, ஆளுகளுக்கு மட்டும்னாச் சின்ன இன்ஜினே தாராளமாப் போதுமுங்ப்பா. ரோல் அத்தனையும் டெம்போல தனியா அனுப்பிடலாம்."

ராபினின் காதில் 'சின்ன இன்ஜினே போதும்' என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. ஏ.சி. காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாலத்தைத் தாண்டுகிற பெண். ஒச்சம்மாளின் கால் திரும்பிக் கிடந்ததை இவள் பார்த்தாளா? மிச்சம் பிடிக்க இவளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

"என்ன பேச்சு பேசுதிய மேடம்? அந்தப் பாலத்துல நீங்க லோடோட ஏறிப் பாத்திருக்கியளா? சின்ன இன்ஜின் நடுவுல நின்னு முக்கும்."

மோனிஷா அவனைப் பார்த்தாள். "அதாங்ணா சொல்றேன். லோடு..."

அவன் அவளை முடிக்க விடவில்லை. முதலாளி பக்கம் திரும்பினான். வேன் சாவியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து இந்த மனிதரை அவனுக்குத் தெரியும். பெண்கள் நடக்கிறார்கள் என்று சொன்னால் நடக்கட்டும் என்பார். கால் வலிக்கிறது என்றால் தைலம் வாங்கித் தருவார். இவருக்குப் புரிகிற பாஷை ஒன்றுதான். அதிலேயே பேசினான்.

"மொதலாளி, பெருச எடுங்க. இதுல நீங்க என்னத்த ஏத்துனாலும் இழுத்துட்டுப் போயிரும். ஆளு, ரோலு, எல்லாத்தையும் சேத்து ஏத்துங்க. அசராது."

மகுடேஸ்வரனின் கண் லேசாகச் சுருங்கியது. "என்னத்த ஏத்துனாலுமுங்களா?"

"என்னத்த ஏத்துனாலும்."

"ஓட்டிப் பாத்துரலாமுங்க," என்றான் வேல்குமார். ராபின் ஓட்டினான். பக்கத்தில் முதலாளி. பின்னால் காலி சீட்டுகள். பாலத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. மகுடேஸ்வரன் தொடையைத் தட்டிக்கொண்டு, "அப்பப் பெருசே போடச் சொல்லுங்," என்றார். ராபினுக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துப் பின்னால் எத்தனை முறை தன்னையே காறித் துப்பிக்கொண்டானோ.

பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றி, வண்டி வந்தது. முதல் நாள் பாலத்தடிக்கு வந்ததும் பெண்கள் பழக்கத்தில் எழுந்துவிட்டார்கள்.

"எங்க போறிய? உக்காருங்க எல்லாரும்."

வேன் ஏறியது. யாரும் இறங்கவில்லை. டைலர் ஜோதிகா ஜன்னலில் தலையை நீட்டி, நடந்து போகிற யாருக்கோ டாட்டா காட்டினாள். காலுக்குள் பிளேட் வைத்து, கைத்தடியோடு வேலைக்குத் திரும்பியிருந்த ஒச்சம்மாள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டா ராபினு, ஏரோப்பிளேனு வாங்கிப்புட்டியாக்கும்?"

"உனக்காவத்தான் வாங்குனேன் அத்த."

"அப்ப மதுரைக்கு விடு. வழியில உசிலம்பட்டில என்னைய எறக்கிவிட்டுரு."

வேனே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு வாரம் தாங்கியது.

அதற்குப் பிறகு ஒருநாள் மாதவனின் டெம்போ தோட்டத்துக்கு வரவில்லை. அவன்தான் வந்தான், நடந்து.

"ஏம்ல ராபினு, என்னத்த ஏத்துனாலும் இழுக்கும்னு நீதான் சொன்னியாமே? இனிமே டெம்போ வேண்டாம்னுட்டாரு. நல்லா இருல."

மறுநாள் வெல்டர் வந்து கடைசி இரண்டு வரிசைச் சீட்டுகளைக் கழற்றினான். முன்பு டெம்போவில் போன ரோல்கள் அத்தனையும் அந்த இடத்தில் கூரை வரை ஏறின. சீட்டு இழந்த பெண்கள் ரோல் மேல் உட்காரப் போனபோது ஷெட் சூப்பர்வைசர் கத்தினான்: "துணி மேல உக்காராதீங்க, கறை பட்டா பீஸ் ரிஜெக்ட் ஆயிரும்." ஆகவே நின்றுகொண்டு வந்தார்கள். துணி படுத்துக்கொண்டு வந்தது.

ராபின் கம்பெனிக்குப் போய் முதலாளி முன்னால் நின்றான். "மொதலாளி, ஆளு நிக்க எடமில்ல. பழையபடி டெம்போ வைங்க."

மகுடேஸ்வரன் டீயை வைத்துவிட்டு, சிரித்த முகமாகவே சொன்னார். "நீங்கதானுங் ராபினு சொன்னீங்க, எல்லாத்தையும் சேத்து ஏத்துங்கன்னு. உங்களை நம்பித்தானுங் பெரிய இன்ஜினு எடுத்தது."

பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்த மோனிஷா நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவன் கதவைச் சாத்திய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

ஷிப்மென்ட் தேதி நெருங்கியது. ரோல்கள் கூடின. புது இன்ஜினும் மனிதனுடைய ஆசைக்கு ஈடு கொடுக்கிற அளவுக்குப் படைக்கப்பட்டதல்ல. ஒரு திங்கட்கிழமை காலை, பாலத்து ஏற்றத்தில் பாதி போனபோது முன்னால் போன டவுன் பஸ் நின்றுவிட்டது. ராபினும் நிறுத்தினான். பஸ் கிளம்பியதும் கிளட்சை விட்டான். வண்டி உறுமியது, ஏறவில்லை. மறுபடி விட்டான். கிளட்ச் கருகும் வாடை உள்ளே வந்தது. வேன் ஒரு முழம் பின்னால் நழுவ, பின்னால் நின்ற பைக்குகள் எல்லாம் ஹாரனில் கையை வைத்துக் கத்தின. கையைக் காட்டி அவர்களை விலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் விட்டு, பாலத்தடிக்கே கொண்டுவந்து ஓரங்கட்டினான்.

முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. தூக்குப்போசிகளைக் கீழே வைக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தான். பெண்கள் இறங்கத் தயாராகிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஒச்சம்மாள் கைத்தடியை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். ஜோதிகா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"நீ மேல போயி நில்லுடா ராபினு. நாங்க மெல்ல நடந்து வாரோம்."

அவள் குரலில் குறை இல்லை. கோபம் இல்லை. அதுதான் அவன் மண்டைக்குள் எதையோ அறுத்தது.

"உக்காரு."

"எதுக்குடா கத்துற?"

"ஒருத்தியும் இறங்கக் கூடாது. உக்காருங்க!"

இறங்கிப் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தான். முதல் ரோலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்துப் பாலத்துச் சுவரோரம் போட்டான். அங்கே நேற்றைய மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. வெள்ளைத் துணி அதைக் குடித்துக்கொண்டது. இரண்டாவதை இழுத்தான்.

ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ராக்கம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? அதுல சேறு பட்டா ஒன்னைய உரிச்சுப்புடுவாய்ங்க."

"உரிக்கட்டும்."

"வேல போயிரும்டா."

"போட்டும்."

இன்னொரு ரோலை இழுத்தான். சிக்கிக்கொண்டு வரவில்லை. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இழுத்தான். சட்டென்று அது இலகுவாக வந்து அவன் நெஞ்சில் மோதியது. உள்ளே ராக்கம்மாள் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தள்ளுறேன், பிடி," என்றாள். "பத்து வருசமா இதுகளுக்காக எறங்கி நடந்தது நாங்க. ஒரு ஒதை நானும் குடுத்துக்கறேன்."

அதன் பிறகு எல்லோரும் தள்ளினார்கள். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திச் செல்போனில் படம் எடுத்தார்கள். கேரியரில் இருந்தவற்றையும் ராபின் மேலே ஏறி உருட்டிவிட்டான். வேன் தன் ஸ்பிரிங்கில் நிமிர்ந்து நின்றது.

போன் அடித்தது. முதலாளி. வண்டி எங்கே நிற்கிறது என்பதை அவர் தன் போனிலேயே பார்த்துக்கொள்வார்.

"ஏனுங் ராபினு, வண்டி பாலத்தடியிலயே நிக்குதாட்ட இருக்குதுங்? பொம்பளையாளுகளச் சித்தெ இறக்கி உட்டுப்போட்டு ஏறுங்."

"இறக்கியாச்சு மொதலாளி."

"அப்புறமென்னங்?"

"துணிய இறக்கியாச்சு. ரோட்டோரமாக் கெடக்கு. வந்து எடுத்துக்கிடுங்க."

"டேய்," என்றார் மகுடேஸ்வரன். "என்னடா பண்ணி வெச்சிருக்கற, நாயே?"

இத்தனை காலம் அந்த மரியாதைக்கு அடியில் கிடந்தது இதுதான். கடைசியில் வெளியே வந்துவிட்டது. போனைத் தூக்கி டேஷ்போர்டில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

வேன் ஏறியது. இரண்டாவது கியரிலேயே, புகை இல்லாமல், சத்தம் இல்லாமல். காலுக்கு அடியில் இன்ஜின் தன் பலத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. பாதிப் பாலத்தில் அவனுக்கு அது உறைத்தது. சாயங்காலம் இதே கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அந்தப் பழைய டப்பா இந்தப் பாலத்தை ஒவ்வொரு நாளும் ஏறியிருக்கிறது. அந்தப் பக்கம் சாய்வு குறைவு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே ஏற்றம்தான். சாயங்காலம் வண்டியில் துணி இருக்காது. அவ்வளவுதான். ஷோரூமில் மோனிஷா சொன்னதும் அதுதான். அவன் பெரிய இன்ஜினுக்காகச் சண்டை போட்டுப் பெரிய சுமையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். மாதவனின் பிழைப்பையும் அதற்குக் கீழே போட்டு நசுக்கியிருக்கிறான்.

ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு அறை அறைந்தான். ஹாரன் அலறியது. முன்னால் போன பைக்காரன் திரும்பி முறைத்தான்.

உச்சிக்கு வந்ததும் வேன் நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ராபின் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பாலத்தோரம் யாரும் நடந்து வரவில்லை. டேஷ்போர்டில் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது.

ஒச்சம்மாள் கைத்தடியால் அவன் சீட்டின் முதுகைத் தட்டினாள்.

"யாருக்குடா நிக்கிற? எல்லாரும் உள்ளதான் இருக்கோம்."

அவன் பிரேக்கை விட்டான்.