பதியன் போட்ட பிள்ளை

கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, கிழக்கே பார்த்து நின்று சொல்வது: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்று பிசகினாலும் சொன்ன நாக்கில் புற்று எழும்பட்டும்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு தை மாதம், சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டுப் பக்கம் மல்லிகை போட்டிருந்த பிச்சம்மாளின் சுண்டுவிரல் நுனி, முளைவிட்டுப் பெண்பிள்ளையாக வளர்ந்தது. செடியைக் கவாத்து வெட்டும்போது கத்தரி வழுக்கி விரல் நுனி துண்டாகிவிட்டது. முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்டுக்கொண்டு, வெட்டின கம்புகளை அள்ளிப் பதியன் பாத்தியில் ஊன்றினாள். கம்போடு கம்பாக விரலும் போய்விட்டது. மாசியில் மற்றதெல்லாம் தளிர் விட, ஒன்று மட்டும் நகம் விட்டது. சித்திரையில் முழங்கை தெரிந்தது. ஐப்பசி மழையில் மண் இளகியபோது பிச்சம்மாள் பிடித்து இழுத்தாள். குழந்தை வேர் அறுந்து வந்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு அழுதது. அந்த வாரம் பூவுக்கு நல்ல விலை.

பிள்ளைக்குப் பிரேமலதா என்று பெயரிட்டாள். பிச்சம்மாள் கல்யாணம் ஆகாதவள். அதனால் ஊர் விரலை விட்டுவிட்டு அப்பனைத் தேடியது. ஆளாளுக்குக் குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். மூக்கு பிச்சம்மாளுடையது, நாடி பிச்சம்மாளுடையது. காது இரண்டும் முன்னாலேயே குத்தியிருந்தது. காதுகுத்த வந்த ஆசாரி வெற்றிலை மட்டும் போட்டுவிட்டுப் போனார். இடது தோளில் பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு வட்டமாக இருந்தது. அந்த ஊசியை அரசாங்கம் நிறுத்திக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் மார்க்கெட்டில் பூ கட்டும் சங்கரம்மாளுக்கு மட்டும் சமாதானமாகவில்லை.

“மூக்குக்குள்ள பாக்கணும்ட்டி” என்றாள்.

“மூக்குக்குள்ள என்னக்கா இருக்கும்?”

“அப்பன் இருப்பான்.”

மனைவிமார்கள் தத்தம் புருஷன்மாரைப் பக்கவாட்டில் பார்க்கத் தொடங்கினார்கள். பலர் மல்லிகை வாங்குவதை விட்டுப் பிச்சிப்பூவுக்கு மாறினார்கள். வருஷங்கள் போயின. ஒரு கோடையில் பிச்சம்மாளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அதே நிமிஷம் பள்ளிக்கூடத்தில் பிரேமலதா சுருண்டு விழுந்தாள். இருவருக்கும் ஒரே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே கஷாயம் ஒத்துக்கொண்டது. தோட்டத்திலும் அப்படித்தான். ஒரு செடிக்குச் சிவப்புச் சிலந்திப் பூச்சி வந்தால் மொத்தப் பாத்தியும் படுத்துவிடும். எல்லாம் ஒரே தாய்ச்செடியின் கம்பு. பக்கத்து வயல் கேந்திப்பூச் செடிக்கு அந்தக் கதி வருவதில்லை. அது விதையில் வருவது, இரண்டு பூ கலந்து வருவது. நாலு செடி செத்தால் ஆறு செடி தாக்குப் பிடித்து நிற்கும்.

சிக்கல் கல்யாணத்தில்தான் வந்தது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த ஆறுமுகச்சாமியின் மகன் சங்கர், கட்டினால் பிரேமலதாவைத்தான் கட்டுவேன் என்று நின்றான். இந்தப் பக்கத்தில் பெண் எடுக்குமுன் குலசாமியான சாஸ்தா எது என்று கேட்பார்கள். அப்பன் வழியில் எந்த சாஸ்தாவோ, அதுதான் பிள்ளைக்கும். இரண்டு பேருக்கும் ஒரே சாஸ்தா என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கிடையாது. பிரேமலதாவின் சாஸ்தா யார்? பங்குனி உத்திரத்துக்கு ஊரே வேன் பிடித்துச் சாஸ்தா கோயிலுக்குப் போகும்போது, தாயும் மகளும் பூப் பறித்துக்கொண்டிருப்பார்கள். இதுவே பெரிய சந்தேகம். சங்கரின் அம்மா சண்முகசுந்தரிக்கோ அதைவிடப் பெரிய சந்தேகம்.

“இருவது வருசமா விடியக்காலம் அவ தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போனிய. பூ மட்டுந்தான எடுத்திய?”

“ஏட்டி, பூ எடுக்கப் போனவன் வேற என்னத்த எடுப்பான்?” என்றார் ஆறுமுகச்சாமி.

“அதத்தான் கேக்கேன்.”

சங்கர் குறுக்கே வந்தான். “எம்மா, அவளுக்கு அப்பனே கிடையாதுன்னு அவ அம்மா சொல்லுதா. பெறகு எனக்கு எப்படித் தங்கச்சி ஆவா?”

“நீ சும்மா இருலே. ஒங்கப்பாவுக்கு வேர்க்குதத பாரு.”

வெயில் அப்படி. ஆனாலும் சண்முகசுந்தரி கணக்குத் தீர்க்க வழி சொன்னாள்: இந்தப் பங்குனி உத்திரத்துக்குப் பிச்சம்மாள் மகளை அவளுக்குரிய சாஸ்தா கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் சாஸ்தா வாசலில் வந்து நின்றால் கல்யாணமும் இல்லை, ஆறுமுகச்சாமிக்கு வீட்டில் சோறும் இல்லை.

உத்திரத்தன்று பிச்சம்மாள் கிளம்பினாள். குருவிகுளம் பஸ்ஸில் அவளும் மகளும் முன் சீட்டில். முக்காட்டோடு சண்முகசுந்தரி பின் சீட்டில். இறங்கி நடந்து அவர்கள் போய் நின்றது, கரிசல் காட்டு நடுவே பிச்சம்மாளின் அப்பா கும்பிட்ட சாஸ்தா கோயிலில். பனைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள் சண்முகசுந்தரி. சாமியாடும் கோமரத்தாடி பிச்சம்மாள் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார். அடுத்துப் பிரேமலதா போய் நின்று பெயர் சொன்னாள். கையை உயர்த்தியவர் அப்படியே நிறுத்தினார்.

“ஏட்டி, இப்பத்தான ஒனக்குப் பூசுனேன்? ரெண்டாவது மட்டம் எதுக்கு வந்து நிக்கே?”

“அது எங்கம்மா, சாமி.”

“எனக்கே கதை சொல்லுதியோ? ஒரே ஆளுதான். போ அங்கிட்டு.”

சாமி வாக்குக்கு மேல் சாட்சி ஏது? கம்பு வேறு, செடி வேறு இல்லை. மகளுக்கும் அப்பன் பிச்சம்மாளின் அப்பன்தான். சங்கர் வீட்டுச் சாஸ்தா வேறு. சண்முகசுந்தரி முக்காட்டை எடுத்துவிட்டு வந்து, பிரேமலதாவுக்குத் தன் கையால் பூ வைத்தாள். அன்று ராத்திரி ஆறுமுகச்சாமிக்குக் கறிக்குழம்பு கிடைத்தது. ஆவணியில் கல்யாணம்.

மறுவருஷம் ஆண்பிள்ளை, ஆஸ்பத்திரியில், எல்லோரும் பிறக்கிற வழியாகப் பிறந்தது. ஊருக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. காது குத்தியிருக்கவில்லை, தோளில் தழும்பு இல்லை. ஒரு காது சங்கருடையது, கால்விரல் பிரேமலதாவுடையது, நெற்றி யாருடையதும் இல்லை. “இது எங்கன உள்ள ஜாடை? இந்த வீட்டுல இப்படி வராதே” என்று முதலில் வாயைத் திறந்தவள் சங்கரம்மாள்தான். பிச்சம்மாள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு, “ரெண்டு பேரு கலந்தா புதுசாத்தாங்க்கா வரும். பதியன்லதான் பழைய ஆளே திரும்ப வருவா” என்றாள். அது சரிதான் என்று ஊர் ஒப்புக்கொண்டது. ஆசாரி வந்து, இந்த மட்டம் வேலை பார்த்துவிட்டே போனார். சண்முகசுந்தரி பேரனை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. பிரேமலதாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும், சாமியே சொன்ன பிறகு பேச்சென்ன என்று வாயை அடைத்துவிடுவாள்.

திருநீறு பூசின அந்தப் பங்குனி உத்திரத்தில் கோமரத்தாடிக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஆப்பரேஷன் நடந்தது அடுத்து வந்த சித்திரையில்.