ரெக்கார்டு நோட்டுக்காரி

அந்தக் கல்லூரியின் இயந்திரவியல் துறையில் அவர்கள் சாதி ஆட்கள் மொத்தமே நாலு பேர். மூத்தவள் இறுதியாண்டு, மற்ற மூவருக்கும் கறார் அக்கா. சின்னவள் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு முத்து முத்தான கையெழுத்து. அதுதான் வினையாகப் போயிற்று.

செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், சின்னவள் தன் ரெக்கார்டு நோட்டைப் பெருமையாக நீட்டினாள். அக்கா புரட்டினாள். ஓர் அடித்தல் இல்லை, ஒரு கறை இல்லை. அக்கா நோட்டை மூடினாள்.

"கம்பிய இழுத்து அறுத்துப் பார்க்கற மெஷின்ல, கம்பிய நீ மாட்டியிருக்கியா?"

"இல்லக்கா. பசங்க மாட்டுவாங்க. உன் எழுத்து நல்லா இருக்கு, நீயே எழுதுன்னாங்க."

"ஒரு தடவகூட மாட்டல?"

"எழுதறதும் வேலைதானேக்கா?"

"அடிப் பாவி! பரீட்சையில கம்பிய யார் மாட்டுவா, உன் பேனாவா?"

திட்டிவிட்டாளே தவிர, அக்காவுக்குத் தன்மேல்தான் ஆத்திரம். ஐந்து பேர் குழுவில் நம்மாள் ஒருத்தி ஒட்டாமல் நிற்பாள். யாராவது பேனாவை நீட்டினால், நம்மையும் சேர்த்துக்கொண்டார்களே என்று உச்சி குளிர்ந்து வாங்கிக்கொள்வாள். அக்காவும் அப்படி வாங்கியவள்தான். தேர்வன்று எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் முழித்து, ஒரு வருடத்தைத் தொலைத்தாள். இதை ஏன் முன்பே கேட்காமல் விட்டோம்? சின்னவளுக்கோ ஏற்கெனவே ஒரு பாடம் பாக்கி. இதுவும் போனால் உதவித்தொகை நின்றுவிடும். மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அக்கா நேராக ஆய்வுக்கூடத்து ஊழியரிடம் போய் நின்றாள்.

"சனிக்கிழமை திறந்து விடுங்கண்ணே."

"சனிக்கிழமைதான் நான் துணி துவைக்கிற நாளு."

"கொண்டாங்க, நாலு பேரும் துவைச்சுத் தரோம்."

மனிதர் சிரித்துவிட்டார். துணியும் தரவில்லை, சனிக்கிழமை கதவையும் பூட்டவில்லை.

மூன்று சனிக்கிழமை. சின்னவள் மாட்டினாள், கழற்றினாள், விரலை நசுக்கிக்கொண்டு அழுதாள். "அழுதுகிட்டே மாட்டு, பரவாயில்ல," என்றாள் அக்கா. நடுவில் ஒரு வகுப்பில், தன் குழுவிடம், "இன்னைக்கு நீங்க எழுதுங்க, நான் மாட்டுறேன்," என்று சின்னவள் சொன்னாளாம். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார்களாம்.

தேர்வு நாள். அக்கா தன் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வெளியூர்த் தேர்வாளர். சின்னவள் எஃகுக் கம்பியை மாட்டி இயந்திரத்தை ஓட்டினாள். இழுவிசை காட்டும் முள் மெல்ல ஏறியது. சட்டென்று விழுந்தது. கம்பி அறுந்த சத்தம் மட்டும் வரவில்லை.

போச்சு! அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். தேர்வாளர் மதிப்பெண் தாளைக் கையில் எடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்ற சின்னவளின் குரல் கதவைத் தாண்டிக் கேட்டது. "கம்பி அறுபடல, பிடி வழுக்கிடுச்சு. மறுபடி மாட்டுறேன்."

யாரையும் உதவிக்குத் தேடவில்லை அவள். விசையைக் குறைத்தாள். கம்பியைப் பிடிக்கும் கவ்வியின் பற்களில் அப்பியிருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். கம்பியை இன்னும் ஆழமாக உள்ளே செலுத்தி இறுக்கினாள். இதை அக்கா சொல்லிக்கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் ஒருமுறைகூட வழுக்கியதில்லை. அவளாகவே யோசித்தாள்!

முள் மறுபடி ஏறியது. டமார்!

வராந்தாவில் காத்திருந்தவர்கள் தூக்கிவாரிப்போடத் திரும்பினார்கள். "யாருப்பா உள்ள?" என்றான் ஒருவன்.

ஐந்து வருடமாக அந்த வராந்தாவில் தான் எந்த ஆட்களைச் சேர்ந்தவள் என்று அக்கா வாய் திறந்து சொன்னதே இல்லை. கேட்டவர்களிடமும் மழுப்பித்தான் வைத்திருந்தாள்.

"எங்க பொண்ணு," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க ஆளுங்க பொண்ணு."