அக்கா வீட்டு வாசற்படி

திங்கட்கிழமை வெளியாக வேண்டிய வெள்ள அபாய வரைபடத்தில் அக்காவின் தெரு பச்சையில் இருந்தது. வெள்ளம் ஏறக்கூடிய உயரத்துக்குப் பதினோரு சென்டிமீட்டர் மேலே. மயிரிழையில் தப்பினாலும் தப்பியதுதான். சிவப்பில் விழுந்த தெருக்காரர்கள்தான் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தங்கைக்கு உள்ளூர நிம்மதி. வரைபடத்தைத் தயாரித்த அளவையாளரே அவள்தான் என்பதால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கரையோரத்து மூன்று தெருக்களின் உயரங்களும் ஒரு பித்தளைக் குமிழிலிருந்து அளக்கப்பட்டவை. பதினைந்து வருடங்களுக்கு முன் அதை அக்கா வீட்டு வாசற்படியில் பதித்ததும் அவளே. கெட்டியான படி என்று கோப்பில் எழுதினாள். டீ குடித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம் என்பதை எழுதவில்லை. அக்கா குமிழைத் தினமும் துலக்குவாள். வருகிறவர்களிடமெல்லாம், "ஊரையே எங்க வாசல்லேர்ந்துதான் அளக்குறாங்க" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

சனிக்கிழமை கடைசிச் சரிபார்ப்பு. தங்கை குமிழின் மேல் செயற்கைக்கோள் கருவியை நிறுத்தினாள். கோப்பில் உள்ளதைவிட இருபத்து மூன்று சென்டிமீட்டர் குறைவாகக் காட்டியது. கருவியைத் திட்டினாள், பேட்டரியை மாற்றினாள், ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி பார்த்தாள். அது பிடிவாதமாக அதையே சொன்னது. கடல் அடிமணலை அரித்ததில் படி இறங்கியிருந்தது. போன மாதம் அங்கிருந்து அளந்த மூன்று தெருக்களுக்கும் அவ்வளவு உயரம் கூடுதலாகப் பதிவாகியிருந்தது. பச்சை போயிற்று.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"படி கீழ எறங்கிடுச்சுக்கா. இந்தத் தெரு சிவப்புல வருது."

அக்கா குமிழைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். "அதான் மூணு வருஷமா கதவு இடிக்குதா?"

தங்கை குனிந்து கருவியைக் கழற்றத் தொடங்கினாள்.

"நாம ரெண்டு பேரும் வாயத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"மத்த ரெண்டு தெருவுலயும் ஆளுங்க இருக்காங்கக்கா."

அக்கா குமிழைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். பின்பு, "எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அழுவது வாசல்வரை கேட்டது.

தங்கை அந்தப் படியிலேயே உட்கார்ந்து பிழை அறிக்கையை நிரப்பினாள். 'பிழை முதலில் தெரியவந்தது எப்போது?' என்று ஒரு கட்டம். இன்றைய தேதியைப் போட்டாள். மனசு கேட்கவில்லை. அடித்துவிட்டு எழுதினாள்: 'மூன்று வருடங்களுக்கு முன். கதவு இடிப்பதாக அந்த வீட்டில் இருப்பவர் அளவையாளரிடம் சொன்னார். அளவையாளர் தச்சரை அனுப்பினார்.'